தொண்ணூற்றாறு சதவீத இன்பம்

மதிப்பெண்ணை அரசாங்கம் ஒழித்த அன்று எங்கள் பள்ளியில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தோம். நாமக்கல்லிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, நெடுஞ்சாலை ஓரத்தில், ஐந்து மாடியும் நாலாயிரம் பிள்ளைகளுமாக நிற்கிற ஸ்ரீ ஞானமுகில் மேல்நிலைப் பள்ளியில் நான் அப்போது உதவி முதல்வர். பெயர் சுகந்தி. மதிப்பெண்ணை வைத்தே ஐந்து மாடி எழுப்பிய பள்ளி, அது ஒழிந்ததற்கு ஏன் இனிப்பு கொடுக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. தாளாளர் பொன்னுரங்கம் அய்யாவிடம் நான் கேட்டேன்.

"ஒண்ணை எடுத்தா இன்னொண்ணு கொண்டாராம விடமாட்டாங்க மேடம். அது என்னன்னு மத்தவனுக்கு முன்னாடி நமக்குத் தெரிஞ்சாப் போதும்" என்றார்.

அடுத்த கல்வியாண்டில் அது வந்தது. கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சாம்பல் நிறப் பட்டை. காதுக்குப் பின்னால் எலும்பு மேட்டில் ஒட்டிக்கொள்ளும். பிள்ளை பாடத்தை எவ்வளவு அனுபவித்துக் கற்கிறது என்று நொடிக்கு நொடி அளந்து, நூற்றுக்கு இத்தனை என்று மேலே அனுப்பிவிடும். அரசாணையில் அதன் பெயர் கற்றல் இன்ப அளவி. பிள்ளைகள் வைத்த பெயர் அட்டை. மழைக்காலத்தில் கொல்லிமலை ஏறினால் காலில் ஒட்டுமே, அந்த அட்டை. இனிமேல் பன்னிரண்டாம் வகுப்புக்குத் தேர்வு கிடையாது. வருஷம் முழுக்க வகுப்பில் அட்டை காட்டுகிற சராசரிதான் கல்லூரி இடத்தைத் தீர்மானிக்கும். பயந்து படித்த காலம் போய் மகிழ்ந்து படிக்கும் காலம் வந்துவிட்டது என்று அமைச்சர் பேசினார். பந்தலில் நாங்களும் கை தட்டினோம்.

பிறகு பள்ளிக்குத் திரும்பி வந்து மகிழ்ச்சியில் இறங்கினோம்.

அறுபதுக்குக் கீழே இன்பம் உள்ள பிள்ளைகளுக்குக் காலை ஐந்தரை மணிக்குச் சிறப்பு மகிழ்ச்சி வகுப்பு. விடுதியில் சிரிக்காத பிள்ளைகளுக்கு, சிரிக்கும்வரை விளையாட்டு நேரம் கிடையாது. வேதியியல் ஆசிரியர் மிமிக்ரி கற்றுக்கொண்டார். இயற்பியலில் அளவைக் கீழே இழுத்த இரண்டு பாடங்களைச் சத்தமில்லாமல் தூக்கிவிட்டோம். பெற்றோருக்கு நானே ஒரு சுற்றறிக்கை எழுதினேன்: 'பிள்ளைகள் வீட்டில் அதிகமாக மகிழ்ந்துவிட்டால் வகுப்பில் சோர்வு ஏற்படுகிறது. எனவே பிறந்தநாள், திருவிழா, உறவினர் வருகை ஆகியவற்றை இந்த ஒரு வருடம் மட்டும் தவிர்க்கவும்.' தவிர்த்தார்கள். முதல் வருஷமே மாநிலத்தில் மூன்றாவது மகிழ்ச்சியான பள்ளி என்று பேருந்து நிலையத்தில் எங்கள் பேனர் ஏறியது. அதிலிருந்த பிள்ளைகளின் முகத்தை நான் உற்றுப் பார்த்ததில்லை.

எல்லா வகுப்பும் ஏறியது. பன்னிரண்டு 'சி' பிரிவின் கணக்குப் பாடம் மட்டும் முப்பத்தெட்டிலேயே நின்றது.

அந்த வகுப்புக்குக் கணக்கு எடுத்தவர் அர்த்தநாரி சார். ஐம்பத்தாறு வயது, முப்பது வருஷ அனுபவம். ஒல்லியான ஆள், சட்டைக் கையில் எப்போதும் சாக்பீஸ் தூள். மதிப்பெண் இருந்த காலத்திலேயே அவர் மதிப்பெண் போடாதவர். விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது அதில் எண் இருக்காது. ஏதாவது ஒரு வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்வி இருக்கும். 'இங்கே வரைக்கும் நன்றாக வந்தாய், இங்கே யாரைப் பார்த்துப் பயந்தாய்?' 'இதையே படம் போட்டுப் பார்த்தாயா?' பிள்ளைகள் அந்தக் கேள்விக்குப் பதில் எழுதித் திரும்பக் கொடுப்பார்கள். அவர் இன்னொரு கேள்வி எழுதுவார். சில தாள்கள் இப்படி மூன்று மாதம் போய் வந்துகொண்டிருக்கும். பதிவேட்டில் எண் வேண்டுமே என்று, அவர் போடாத மதிப்பெண்ணைப் பல வருஷமாக யாராவது ஒருத்தர் போட்டு வந்தோம். கடைசிப் பதினோரு வருஷம் நான் போட்டேன். எழுபதுக்கும் எண்பதுக்கும் நடுவில், முகத்தைப் பார்த்து.

மதிப்பெண் ஒழிந்தபோது ஓய்வறையில் எல்லாரும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். உங்கள் கொள்கை ஜெயித்துவிட்டது என்றார்கள்.

"அதுக்குப் பதிலா என்ன போடறாங்களாம்?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டாவது வருஷம் டிசம்பரில் தாளாளர் அறைக்கு அவரை அழைத்தார்கள். நானும் இருந்தேன். பொன்னுரங்கம் அய்யா பள்ளி தொடங்குவதற்கு முன் கோழிப்பண்ணை வைத்திருந்தவர். அதை அவர் மறைத்ததில்லை.

"சார், பண்ணையில முட்டை குறைஞ்சா நாங்க கோழியத் திட்டமாட்டோம். லைட்ட ரெண்டு மணி நேரம் கூட்டிப் போடுவோம், தீவனத்த மாத்துவோம். உங்க கிளாஸ்ல முப்பத்தெட்டு. நீங்க எதை மாத்தப் போறீங்க?"

"எதையும் மாத்தறதா இல்லைங்க. பிள்ளைங்க நல்லாத்தான் படிக்கறாங்க."

"நல்லாப் படிக்கறது ஆருக்கு வேணும் சார்? சந்தோஷமாப் படிக்கோணும். அரசாணை அப்படித்தான் சொல்லுது."

அர்த்தநாரி சார் சட்டைக் கையிலிருந்த தூளைத் தட்டினார். "ஒரு கணக்கக் கொடுத்தா நாப்பது நிமிஷம் முட்டி மோதிட்டு இருப்பாங்க. அப்ப மூஞ்சி கடுகடுன்னுதான் இருக்கும். ராத்திரி சோறு திங்கும்போது திடீர்னு விடை வரும். சந்தோஷம் அங்கதான் வருது. அந்நேரம் அட்டை அவங்க காதுல இல்லைங்க."

"வகுப்பு நேரத்துக்குள்ள வரவையுங்க."

"அப்ப விடைய நானே சொல்லிரணும்."

"சொல்லுங்க. ஆரு வேண்டாம்னா?"

ஜனவரி முடிவதற்குள் அறுபதைத் தொடவில்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக அய்யா சொன்னார். சார் சரிங்க என்று சொல்லி எழுந்தார். அவர் சண்டை போட்டிருந்தால் எனக்கும் எளிதாக இருந்திருக்கும்.

அந்த வாரம் பெற்றோர் கூட்டம். லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை வைத்திருக்கும் குமரவேல் என்பவர் தன் மகளைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தார். மகள் பெயர் மகிழினி. கணக்கில் அவளுடைய இன்பம் நாற்பத்தொன்று.

"பேரு மகிழினி. நாப்பத்தொண்ணு" என்றார் என்னிடம். "பக்கத்து வீட்டுப் பையனுக்கு எண்பத்தேழுங்க மேடம். ஏன் கண்ணு சந்தோஷமா இருக்கமாட்டேங்கறேன்னு கேட்டா, இருக்கறேன்ப்பாங்கறா. இருந்தாக் காட்டோணுமல்லொ? தீபாவளிக்குக்கூட ஒரு பட்டாசு வாங்காம அடக்கி வெச்சிருக்கறேன்."

மகிழினி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மெலிந்த பெண். யோசிக்கும்போது மூச்சுக்கூட விடமாட்டாள் போல அசைவே இல்லாமல் இருப்பாள். வகுப்பு வழியாகப் போகும்போது நான் பார்த்திருக்கிறேன். ஒரு கணக்கின் முன்னால் அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் யாரோ இறந்துவிட்டார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும்.

"எனக்குக் கணக்குத்தான் மேடம் பிடிக்கும்" என்றாள்.

"அட்டைக்குத் தெரியலையே கண்ணு" என்றேன். இதைச் சொன்னது நான்தான்.

அடுத்த நாள் அவள் வகுப்பில் எழுந்து சாரிடம், "சார், அட்டை உண்மையிலேயே எதை அளக்குது?" என்று கேட்டாளாம். அவர் எல்லாவற்றுக்கும் சொல்கிற பதிலையே சொன்னாராம். "எனக்குத் தெரியல. கண்டுபிடிக்கலாமா?"

புள்ளியியல் பாடத்திட்டத்தில் இருக்கிறது. அதனால் மூன்று வாரம் அந்த வகுப்பில் நடந்தது பாடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. முப்பத்தாறு பிள்ளைகளும் தங்களையே பரிசோதித்துக்கொண்டார்கள். பாதிப் பேர் மூச்சடக்கினார்கள், பாதிப் பேர் அடக்கவில்லை. பாதிப் பேர் வாய்ப்பாட்டை மனசுக்குள் சொன்னார்கள், பாதிப் பேர் தங்களுக்குப் பிடித்த நடிகரை நினைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு முறையும் வகுப்புத் திரையில் வந்த அளவைக் குறித்தார்கள். யார் எந்தப் பாதி என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தார்கள். எதை நினைத்தாலும் அளவு நகரவில்லை. பரீட்சையில் முதல் வருவதாக நினைத்தாலும் சரி, நாய் கடித்ததாக நினைத்தாலும் சரி. ஆனால் சிரித்தால் ஏறியது. சிரிப்பு வராமல் சும்மா பல்லைக் காட்டினாலும் ஏறியது. மகிழினி அங்கே பிடித்துக்கொண்டாள். காதுக்குப் பின்னால் இருக்கிற ஒரு பட்டைக்குப் பக்கத்தில் அசைகிறது தாடை மட்டும்தான் என்றாள்.

ஜனவரி மூன்றாம் வியாழன், நாலாவது பிரிவேளை. ஒரு பை பொட்டுக்கடலை வகுப்புக்குள் போயிருக்கிறது. முதலில் பதினெட்டுப் பேர் எதையும் படிக்காமல், யோசிக்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு மென்றார்கள். மற்றவர்கள் மெல்லவில்லை. பிறகு இடம் மாறினார்கள். சாக்பீஸோடு மகிழினி கரும்பலகைக்கு முன்னால் நின்று எண்களை எழுதினாள். மென்றவர்கள் தொண்ணூற்று நாலு. மெல்லாதவர்கள் முப்பத்தைந்து. மாற்றியபோதும் அதேதான்.

அப்போது எழுந்த சத்தத்தைக் கேட்டுத்தான் நான் மாடிப்படியில் ஓடினேன். கலவரம் என்று நினைத்தேன். வாசலில் நின்று பார்த்தால் பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அழுதாள், சிரிப்பில். எப்போதும் பேசாத ஒரு பையன், இரண்டு எண்களுக்கும் நடுவிலிருந்த இடைவெளி தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போட்டு, அதைக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தான். சார் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். இருபத்து மூன்று வருஷம் நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்திருக்கிறேன். அப்படியொரு வகுப்பைப் பார்த்ததில்லை. அவர்கள் காதுகளில் அட்டை இருந்தது. அந்த நிமிஷம் வகுப்பின் சராசரி தொண்ணூற்றாறு. அதில் பொட்டுக்கடலை எவ்வளவு, சந்தோஷம் எவ்வளவு என்று எந்தக் கருவியும் பிரிக்க முடியாது.

தொண்ணூற்றுக்கு மேல் ஒரு வகுப்பே போனால் அது இயற்கையாகாது என்று கற்றல் இன்ப இயக்ககம் ஒரு விதி வைத்திருந்தது. இரண்டு மணி நேரத்தில் பறக்கும் படை வந்துவிட்டது. மூன்று பேர். தலைமை தாங்கிய மாவட்ட இன்ப அலுவலர் ரெஜினா மேரி, தூக்கம் கெட்ட கண்களோடு, கையில் ஒரு கோப்போடு இருந்தார்.

தாளாளர் அறையில் விசாரணை. சார் எதையும் மறைக்கவில்லை. பிள்ளைகள் செய்த சோதனைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். வரைபடங்களை மேசைமேல் விரித்தார். மகிழினியையும் அழைத்தார்கள். அவள் தன் நோட்டைத் திறந்து வைத்தாள்.

ரெஜினா மேரி எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு ஒரு அட்டையை எடுத்துத் தன் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, சாட்சிக்குத் தட்டில் வைத்திருந்த பொட்டுக்கடலையில் ஒரு கை அள்ளி மென்றார். முகத்தில் ஒன்றுமில்லை. கையிலிருந்த திரையில் தொண்ணூற்று மூன்று.

"சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்கீங்க" என்றார் மகிழினியிடம்.

"அப்ப தப்பான கருவின்னு சொல்லிடுவீங்களா மேடம்?"

"எங்களுக்கு இது முன்னாடியே தெரியும்மா."

தாளாளர் தலையாட்டினார், முட்டை விலை கேள்விப்பட்டவர் மாதிரி.

"தெரிஞ்சும் எப்படிங்க?" என்று சார் கேட்டார்.

"முன்னாடி மார்க் போட்டோமே, அது எதை அளந்துச்சுன்னு யாருக்காவது தெரியுமா சார்? ஒன்பது லட்சம் பிள்ளைங்க. காலேஜ்ல ஒண்ணரை லட்சம் சீட்டு. யாரையாவது வெளிய நிறுத்தணும். அதுக்கு ஒரு நம்பர் வேணும். நம்பர் எங்கிருந்து வந்தா என்ன?" அவர் சொன்ன விதத்தில் கொடுமை இல்லை. களைப்புதான் இருந்தது. "இப்ப நான் ரிப்போர்ட் எழுதணும். ரெண்டு வழி இருக்கு. பிள்ளைங்களே திட்டம் போட்டு அளவியை ஏமாத்தினாங்கன்னா அவங்க வருஷ இன்பம் மொத்தமும் ரத்து. ஆசிரியர் கட்டாயப்படுத்திச் செய்ய வெச்சார்னா தண்டனை அவருக்கு மட்டும். பிள்ளைங்க பாதிக்கப்பட்டவங்க. போன வருஷம் ஒரு வழக்குல தீர்ப்பு வந்திருக்கு. அப்படிப்பட்ட பிள்ளைங்களுக்கு அன்னிக்குப் பதிவான உச்ச அளவே அந்தப் பாடத்துக்கு நிக்கும்."

"தொண்ணூத்தாறா?" என்றார் தாளாளர்.

"தொண்ணூத்தாறு."

"பிள்ளைங்க பாடம் கத்துக்கிட்டாங்கன்னு எழுத வழி இல்லையா?" என்று சார் கேட்டார்.

"அதுக்குப் படிவத்துல இடம் இல்லை சார்."

சார் பேனாவைக் கேட்டு வாங்கினார். நின்றுகொண்டே எழுதினார். 'நானே பொட்டுக்கடலை வாங்கி வந்து, மாணவர்களை வற்புறுத்தி மெல்ல வைத்தேன். காரணம் அவர்களுக்குத் தெரியாது. அன்று வகுப்பில் பாடம் எதுவும் நடக்கவில்லை.' கையெழுத்துப் போட்டார். முப்பது வருஷம் ஒரு பிள்ளைக்கும் மதிப்பெண் போடாத மனிதர் அன்று முப்பத்தாறு பேருக்கும் தொண்ணூற்றாறு போட்டார். சாட்சிக் கையெழுத்து என்னுடையது. அந்தக் கடைசி வாக்கியம் பொய் என்று வாசலில் நின்று பார்த்த எனக்குத் தெரியும். பேனா நன்றாகவே எழுதியது.

மகிழினி அந்தத் தாளை எட்டிப் படித்தாள். அவள் குரல் உயரவில்லை.

"அது நாங்க கண்டுபிடிச்சது சார். நீங்க வற்புறுத்தினீங்கன்னு எழுதிட்டீங்க. எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எழுதிட்டீங்க."

"தெரியும் கண்ணு. இல்லீன்னா உங்கப்பா உன்னை எங்க சேர்ப்பாரு?"

"எனக்குத் தொண்ணூத்தாறு வேண்டாம்."

"உனக்கு வேண்டாம். மீதி முப்பத்தஞ்சு பேரு?"

அவள் நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சாரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. மறுநாள் காலை அவர் தன் மேசையைக் காலி செய்தபோது வகுப்பிலிருந்து பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். அவள் தலை நிமிரவில்லை.

குமரவேல் பழக்கூடையோடு வந்தார். "என்னவோ போங்க மேடம், அந்தாளு நல்லவரோ கெட்டவரோ, என்ற பொண்ணு கரையேறிட்டா" என்றார். பிப்ரவரியிலிருந்து எங்கள் பள்ளியில் எல்லா வகுப்புக்கும் பிரிவேளைக்கு ஒரு கை பொட்டுக்கடலை வந்தது. 'மூளைக்கு வலு தரும் புரதச் சிற்றுணவு' என்று சுற்றறிக்கை எழுதியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஏப்ரலில் தாளாளர் என்னைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் சில பிள்ளைகள் அர்த்தநாரி சார் வீட்டுக்குப் போவதாகப் பேச்சு. அனுமதியில்லாத டியூஷனா என்று பார்த்து அறிக்கை தரச் சொன்னார்.

அவர் வீடு மோகனூர் சாலையில், ஒரு டயர் கடைக்குப் பின்னால். வெளியே செருப்புகள் கிடந்தன. முதலில் வந்தது மகிழினியாம். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சண்டை போடுவதற்கென்றே வந்திருக்கிறாள். ஒரு மணி நேரம் சண்டை போட்டிருக்கிறாள். அவர் செய்தது சரியா தப்பா என்பதை நிறுவ முடியுமா என்று அவர் கேட்டாராம். அவள் முயன்றாளாம். அடுத்த வாரம் துணைக்கு இரண்டு பேரைக் கூட்டி வந்தாள். இப்போது பத்துப் பேர் இருந்தார்கள். கூடத்துத் தரை முழுக்கச் சாக்பீஸ் கோடுகள். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. மகிழினி ஒரு மூலையில் அசையாமல் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, வாயில் பின்னல் நுனியைக் கடித்துக்கொண்டு, இன்னொரு பெண். பொன்னுரங்கம் அய்யாவின் பேத்தி ரிதன்யா.

"உக்காருங்க மேடம்" என்று சார் ஒரு முக்காலியை நகர்த்தினார். "மார்க் போட வந்தீங்களா?"

முக்காலியில் உட்கார்ந்தேன். காலை பத்து மணிக்குப் போனவள், கிளம்பும்போது மணி ஒன்றாகியிருந்தது.

திங்கட்கிழமை அறிக்கையை நீட்டினேன். ஒரே வரி. 'நேரில் பார்த்தேன், அங்கே எதுவும் நடக்கவில்லை.' பொய் எழுதும் பழக்கம் ஒரு தடவையாவது நல்ல காரியத்துக்கு உதவட்டும் என்று நினைத்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அய்யா அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ரிதன்யா அங்க இருந்தாளா?"

அறிக்கையைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"நான்தான் மேடம் அனுப்பறேன். கார் முக்குல இறக்கிவிட்டுட்டு வந்துரும்." குரலைத் தாழ்த்தினார். "நம்ம ஸ்கூல்ல தொண்ணூத்தொண்ணு வாங்கறா. வீட்டுக்கு வந்தா ஒரு வார்த்தை பேச மாட்டா. ஞாயித்துக்கிழமை மட்டும் சோத்துல கைய வெச்சுட்டு என்னென்னமோ சொல்றா. எனக்கு ஒண்ணும் புரியறதில்லை. ஆனாக் கேக்க நல்லாருக்குது."

"நல்லதுங்கய்யா" என்றேன். அவரைப் பற்றித் தப்பாக நினைத்துவிட்டோமோ என்றுகூடத் தோன்றியது. "அப்ப சாரைத் திரும்ப பள்ளிக்கே கூப்பிட்டுக்கலாமுங்களா? நாலாயிரம் பிள்ளைங்களுக்கும் உதவுமுங்க."

அய்யா அறிக்கையை நாலாக மடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்.

"நாலாயிரம் பேருக்கும் கொடுத்தா என்ற பேத்திக்கு அதுல என்ன மேடம் பிரயோசனம்?" என்றார். "பத்துப் பேருக்கு மேல சேர்க்க வேண்டாம்னு அவருகிட்டச் சொல்லிருங்க."